நாடு வேறு, அரசு வேறு

1962 நவம்பர் 8. வடகிழக்கு எல்லையில் சீனப் படை உள்ளே நுழைந்து நிற்கிறது. நெருக்கடி நிலை அறிவித்து இரண்டு வாரம்தான் ஆகிறது. பாதுகாப்பு அமைச்சராக இருந்து தோல்விக்காகத் தூற்றப்பட்ட கிருஷ்ண மேனன் முந்தைய நாள் அமைச்சரவையை விட்டே வெளியேறியிருக்கிறார். அந்த நிலையில் டெல்லியில் நாடாளுமன்றம் கூடியது. அவையை முன்கூட்டியே கூட்டுங்கள் என்று வற்புறுத்தியவர்களில் ஜனசங்கத்தின் இளம் உறுப்பினர் வாஜ்பாயும் ஒருவர். கதவைச் சாத்திக்கொண்டு ரகசியமாகப் பேசலாம் என்ற யோசனையைப் பிரதமர் நேரு ஏற்கவில்லை. மக்களவையில் சபாநாயகர் இருக்கையில் இருந்தவர் சர்தார் ஹுகம் சிங். நவம்பர் 14 வரை நடந்த அந்த விவாதத்தில் 165 உறுப்பினர்கள் பேசினார்கள். முடிவில் எல்லோரும் எழுந்து நின்று, ஆக்கிரமிப்பாளரை வெளியேற்றுவோம் என்ற தீர்மானத்தை நிறைவேற்றினார்கள்.

அவர்களில் பலர் அரசைச் சும்மா விடவில்லை. படைக்கு ஏன் போதிய கம்பளி உடை இல்லை, ஆயுதம் இல்லை, எச்சரிக்கைகளை ஏன் காதில் போட்டுக்கொள்ளவில்லை என்று கேட்டார்கள். பேசியவர்களே எழுந்து நின்று உறுதிமொழியும் எடுத்தார்கள். கேள்வி கேட்டதால் யாருடைய நாட்டுப்பற்றும் குறைந்துவிடவில்லை.

போர் வந்தால் சபாநாயகரின் வேலை மும்மடங்கு கனத்துப்போகிறது. ஒத்திவைப்புத் தீர்மானத்துக்கு இசைவு தருவதா மறுப்பதா என்பது அவர் கையில். யார் பேசுவது, எப்போது, எத்தனை நிமிடம் என்பதும் அவர் கையில். தகாத சொல்லை அவைக் குறிப்பிலிருந்து நீக்கும் அதிகாரமும் அவருடையது. படை எங்கே நிற்கிறது, எந்த வழியாக நகரப்போகிறது என்பதை வெளியே சொல்லக் கூடாது. அதைத் தடுப்பது அவர் கடமை. ஆனால் ஏன் தோற்றோம், யார் பொறுப்பு என்ற கேள்வி ராணுவ ரகசியம் அல்ல. இந்த இரண்டுக்கும் நடுவே கோடு போடுவதுதான் போர்க்காலத் தீர்ப்பின் முழுக் கஷ்டமும்.

நேரம் ஒதுக்குவதும் ஒரு தீர்ப்புதான். 1940 மே 7ஆம் தேதி பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் நார்வே தோல்வி குறித்த விவாதம் நடந்தது. ஆளுங்கட்சியைச் சேர்ந்த லியோ அமெரி சொந்தக் கட்சிப் பிரதமர் சேம்பர்லினையே எதிர்த்துப் பேசக் காத்திருந்தார். இரவு எட்டு மணிவாக்கில், பெரும்பாலோர் சாப்பிடப் போயிருந்த வேளையில்தான் பேச அவருக்கு நேரம் தரப்பட்டது. எதிரே காலி இருக்கைகள். அவர் எழுந்துவிட்டார் என்ற செய்தி பரவ, உறுப்பினர்கள் திரும்பி வந்து அவையை நிறைத்தார்கள். மறுநாள் வாக்கெடுப்பில் 281க்கு 200 என அரசு வென்றது. ஆனாலும் மே 10இல் சேம்பர்லின் பதவி விலகினார். சர்ச்சில் வந்தார். ஹிட்லரின் படை வாசலில் நின்றபோது பிரதமரை மாற்றியும் அந்த நாடு வலுவிழக்கவில்லை.

நம் தர்மபுரி மாவட்டத்து மொரப்பூருக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். 1984 தேர்தலில் தர்மபுரி தொகுதியில் வென்ற மு. தம்பிதுரை 1985 முதல் 1989 வரை மக்களவைத் துணைத் தலைவராக இருந்தார். சபாநாயகர் பல்ராம் ஜாக்கர் இல்லாத நேரத்தில், அரசமைப்புச் சட்டத்தின் 95ஆம் பிரிவின்படி அவையை நடத்த வேண்டியவர் இந்த மண்ணின் உறுப்பினர். அதே ஆண்டுகளில்தான், 1987 ஜூலையில், இந்தியப் படை இலங்கைக்குப் போனது. அங்கே ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்திய வீரர்கள் உயிரிழந்தார்கள். ஈழத் தமிழர் பட்ட துயரம் அந்தக் கணக்கில் அடங்காது.

மொரப்பூர் ரயில் நிலையத்தில் விடுப்பு முடிந்து படைக்குத் திரும்பும் பிள்ளைகளைப் பார்த்திருப்பீர்கள். கறுப்பு டிரங்குப் பெட்டி, அதன்மேல் வெள்ளைப் பெயின்ட்டில் பெயரும் எண்ணும். வண்டி ஏற்றிவிட வந்த அம்மா, மகன் எந்த எல்லைக்குப் போகிறான் என்று அவனிடம் கேட்பதில்லை. அவனும் சொல்ல மாட்டான். அந்த மௌனம் நியாயமானது. ஆனால் அவனை எதற்காக, எந்தத் தயாரிப்போடு அனுப்பினார்கள் என்று அவள் சார்பில் கேட்க ஓர் இடம் வேண்டும். அந்த இடம் நாடாளுமன்றம் ஒன்றுதான். அதன் கதவைத் திறக்கவோ சாத்தவோ வல்லவர் சபாநாயகர்.

2020 ஜூனில் கல்வானில் சீனப் படையுடன் நடந்த மோதலில் இருபது இந்திய வீரர்கள் இறந்தார்கள். ராமநாதபுரம் மாவட்டத்து ஹவில்தார் ஒருவரும் அதில் உண்டு. செப்டம்பர் 15ஆம் தேதி பாதுகாப்பு அமைச்சர் மக்களவையில் அறிக்கை படித்தார். எதிர்க்கட்சியினர் பேச வாய்ப்புக் கேட்டார்கள், கிடைக்கவில்லை. இரண்டு நாள் கழித்து மாநிலங்களவையில் அவைத் தலைவர் வெங்கையா நாயுடு கட்சித் தலைவர்களைச் சுருக்கமாக விளக்கம் கேட்க அனுமதித்தார். ஒரே அரசு, ஒரே எல்லை, ஒரே வாரம்; ஆனால் இருக்கையில் இருந்தவரின் முடிவு வேறாக இருந்ததால், ஓர் அவை கேட்டது, இன்னோர் அவை கேட்கவில்லை. அந்தப் 17ஆம் மக்களவையின் ஐந்தாண்டிலும் துணைத் தலைவர் பதவி நிரப்பப்படவே இல்லை என்பதையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள்.

அறிந்துகொள்ள வேண்டிய உண்மை ஒன்று உண்டு. போரில் சபாநாயகர் நடுநிலை வகிக்க வேண்டும் என்றால், நாட்டுக்கும் பகைவனுக்கும் நடுவில் நிற்பது என்று பொருள் அல்ல. அங்கே அவர் நாட்டின் பக்கம்தான். அவர் நடுநிலை காக்க வேண்டியது அரசுக்கும் அரசைக் கேட்பவருக்கும் இடையில். போர் மூண்டதும் ஆள்பவர்கள் நாடும் தாங்களும் ஒன்று என்று நம்பத் தொடங்குகிறார்கள். மக்களும் அச்சத்தில் அதை ஒப்புக்கொள்கிறார்கள். இரண்டும் வேறு என்பதை ஒவ்வொரு தீர்ப்பிலும் நினைவூட்டக் கடமைப்பட்டவர் அந்த இருக்கையில் இருப்பவர்.

1962இல் தோற்ற அரசின்மேல் 1963 ஆகஸ்ட்டில் எதிர்க்கட்சி வரிசையில் இருந்த கிருபளானி நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவந்தார். மக்களவையின் வரலாற்றில் அதுவே முதலாவது. அப்போதும் ஹுகம் சிங்தான் சபாநாயகர். 62க்கு 347 என்று தீர்மானம் தோற்றது. ஆனால் நேரு நாள்கணக்கில் உட்கார்ந்து கேட்டார், பதில் சொன்னார். அது தோல்வியிலிருந்து நாடு மீண்டெழுந்த வழிகளில் ஒன்று.

அடுத்த முறை எல்லையில் துப்பாக்கி வெடித்தால், நம் தொகுதி உறுப்பினர் என்ன பேசினார் என்பதோடு நின்றுவிடாதீர்கள். அவருக்குக் கேட்க நேரம் தரப்பட்டதா என்றும் பாருங்கள். தரப்படவில்லை என்றால், வாய் அடைக்கப்பட்டது அவருக்கு அல்ல, உங்களுக்கு.