ஒன்பது ரன் குறை

ஐம்பது ஓவர் ஆட்டத்தில் 429 ரன் எடுத்த அணி தோற்றுப்போனால் யாரைக் குறை சொல்வது? 2002 ஜூன் 19, லண்டன் ஓவல் மைதானம். செல்டன்ஹம் அண்ட் குளோஸ்டர் கோப்பையின் நான்காவது சுற்று. முதலில் ஆடிய சர்ரே 438. வேல்ஸிலிருந்து வரும் ஒரே முதல்தரக் கவுண்டியான கிளமார்கன், ஒரே ஒரு பந்து மிச்சமிருக்க 429-க்கு ஆல் அவுட். சர்வதேச ஒருநாள் ஆட்டங்களில் அன்றுவரை எந்த நாடும் 400-ஐத் தொட்டதில்லை. கென்யாவை இலங்கை 1996-ல் வெளுத்து எடுத்த 398தான் உச்சம். அதைவிட 31 ரன் கூட எடுத்துவிட்டுத்தான் கிளமார்கன் தலைகுனிந்து வெளியேறியது. இரண்டு நாளில் பிரேசிலோடு இங்கிலாந்துக்கு உலகக் கோப்பைக் கால்பந்துக் காலிறுதி. நாட்டின் கவனம் எங்கே இருந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

சர்ரேயின் ஆலி பிரவுன் 160 பந்தில் 268 அடித்தார். முப்பது பவுண்டரி, பன்னிரண்டு சிக்சர். ஒருநாள் கிரிக்கெட்டில் கிரேம் பொல்லாக் 1974-ல் எடுத்த 222 அதோடு பின்னுக்குப் போனது. (இந்த பிரவுனுக்கு இங்கிலாந்து கொடுத்தது 16 ஒருநாள் ஆட்டங்கள். டெஸ்ட் ஒன்றுகூட இல்லை.) ஒரு பக்கம் பவுண்டரி கிட்டத்தில் இருந்தது என்று அந்த ஆட்டத்தின் மதிப்பைக் குறைக்கிறவர்கள் உண்டு. இருக்கட்டும், அது இரண்டு அணிக்கும் ஒரே தூரத்தில்தானே இருந்தது.

கிளமார்கன் அதைத்தான் புரிந்துகொண்டது. ஆஃப் ஸ்பின்னர் என்று உலகம் அறிந்த ராபர்ட் கிராஃப்ட் தொடக்க ஆட்டக்காரராக இறங்கி 69 பந்தில் 119 எடுத்தார். டேவிட் ஹெம்ப் 102. எனக்கு இவர்கள் இருவரையும்விட டேரன் தாமஸ்தான் முக்கியம். பந்துவீச்சில் 108 ரன் கொடுத்தவர் அவர். அப்படி ஒரு கணக்கோடு பெவிலியனுக்குத் திரும்பியவர் அன்று மீண்டும் மட்டையைத் தூக்காமல் இருந்திருந்தாலும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். பின்வரிசையில் வந்து 71 அடித்தார், கடைசிவரை அவுட் ஆகவில்லை. விட்டதைப் பிடிக்கப் பார்த்தவருக்கு மறுமுனையில் ஆள் தீர்ந்துபோனது.

ஐந்து விக்கெட் எடுத்து அந்த ஆட்டத்தை முடித்தவர் ஆடம் ஹாலியோக். 77 ரன் கொடுத்திருந்தார். அன்றைக்கு அது பெரிய விலையில்லை. மார்ச் மாதம்தான் அவருடைய தம்பியும் சர்ரே வீரருமான பென், 24 வயதில், ஆஸ்திரேலியாவில் கார் விபத்தில் இறந்திருந்தார். ஒன்பது ரன்னில் வெல்வதும் தோற்பதும் அந்த அண்ணனுக்கு என்னவாக இருந்தது என்பதை ஸ்கோர்கார்டில் தேடுவது அநாகரிகம்.

இவ்வளவு பாடுபட்டுக் காப்பாற்றிய வெற்றி சர்ரேயை அரையிறுதி வரைதான் கொண்டுபோனது. கோப்பை யார்க்‌ஷயருக்குப் போனது. கிளமார்கனோ அதே பருவத்தில் ஒருநாள் லீக் பட்டத்தை வென்றது. 2006-ல் ஜோகன்னஸ்பர்க்கில் ஆஸ்திரேலியாவின் 434-ஐத் தென்னாப்பிரிக்கா துரத்திப் பிடித்ததும், இத்தகைய சேஸிங்கே அன்றுதான் பிறந்தது என்பதுபோல் உலகம் பேசியது. தென்னாப்பிரிக்கா எடுத்ததும் 438தான். நாலு வருடம் முன்பே அந்த வாசல்வரை வந்து நின்றவர்களை விசாரிக்க ஆளில்லை. ஜெயித்திருந்தால் விசாரித்திருப்பார்கள்.

பிரவுனின் 268 இருபது ஆண்டுகள் நின்றது. 2022 நவம்பரில் பெங்களூரில் நம் ஜெகதீசன் அதை முறியடித்தார்: விஜய் ஹசாரே கோப்பையில் அருணாசலப் பிரதேசத்துக்கு எதிராக 141 பந்தில் 277. தமிழ்நாடு 506, அருணாசலம் 71. அடித்தவர்மேல் ஒரு குற்றமும் இல்லை. எதிரே யாரை நிறுத்துவது என்பதை அட்டவணை போடுகிறவர்கள் முடிவு செய்கிறார்கள். ஆனாலும் கணக்குப் போட்டுப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. பிரவுனின் 268-ல் பத்து ரன்னைக் கழித்தால் சர்ரே தோற்றிருக்கும். ஜெகதீசனின் 277-ஐ முழுசாகக் கழித்தாலும் தமிழ்நாடு 158 ரன்னில் ஜெயித்திருக்கும்.