உன் யோசனைக்கு உன் பெயர் வை!

ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை 2006-ல் தொடங்கியது. 2014 நவம்பரில் மூடப்பட்டது. ஆயிரக்கணக்கான பிள்ளைகள் வேலையிழந்து ஊர் திரும்பினார்கள். அதே ஆண்டு ஏப்ரலில் கைபேசித் தொழிலையே மைக்ரோசாஃப்ட்டிடம் விற்றுவிட்டது நோக்கியா. காப்புரிமைகளை மட்டும் விற்கவில்லை! பத்து ஆண்டுகளுக்கு அவற்றைப் பயன்படுத்திக்கொள்ள அனுமதித்ததற்கே 165 கோடி யூரோ விலை பேசியது. நோக்கியாவின் தாய்நாடான பின்லாந்தின் மக்கள்தொகை சுமார் 55 லட்சம்தான். சென்னை மாநகரில்கூட அதைவிட அதிகம் பேர் வாழ்கிறோம்.

தம்பி, தங்கையே, இதை மனதில் எழுதிக்கொள். ஆலையைப் பூட்டலாம். அசெம்பிளி லைனைக் கழற்றி லாரியில் ஏற்றலாம். பதிவு செய்த யோசனை 20 ஆண்டுகளுக்கு உரியவரிடம்தான் இருக்கும்.

சிங்கப்பூரைப் பார். 1995 வரை அங்கே சொந்தக் காப்புரிமைப் பதிவே கிடையாது. பிரிட்டனில் வாங்கியதை மறுபதிவு செய்து வந்தார்கள். அந்த ஆண்டுதான் தனிச் சட்டம் வந்தது. சர்வதேச விண்ணப்பங்களுக்கான காப்புரிமை ஒத்துழைப்பு ஒப்பந்தத்திலும் சேர்ந்தார்கள். 2013-ல் ‘ஆசியாவின் அறிவுசார் சொத்து மையமாவோம்’ என்று பத்தாண்டுத் திட்டம் போட்டார்கள். சந்தை சிறியது, மண்ணில் கனிமம் இல்லை. ஆனால் போட்ட மனு தூங்காது, தகராறு வந்தால் நியாயமாகத் தீரும் என்ற நம்பிக்கையை உலகத்துக்குக் கொடுத்தார்கள். இன்று அங்கே குவியும் விண்ணப்பங்களில் பெரும்பகுதி வெளிநாட்டாருடையது. சிங்கப்பூரின் அறிவுசார் சொத்து அலுவலகத்தை நடத்திய டேரன் டாங்தான் 2020 முதல் உலக அறிவுசார் சொத்து அமைப்பின் தலைவர்.

நமக்கு என்ன குறை? சர்வதேச விண்ணப்பங்களை ஆராய்ந்து அறிக்கை தரும் அதிகாரத்தை இந்தியக் காப்புரிமை அலுவலகம் 2013-லேயே ஏற்றது. சிங்கப்பூர் ஏற்றது 2015-ல்! நம் காப்புரிமை அலுவலகத்தின் சென்னைக் கிளை கிண்டியில் இருக்கிறது. சென்னை உயர் நீதிமன்றத்தில் 2023 முதல் அறிவுசார் சொத்து வழக்குகளுக்குத் தனிப் பிரிவே இயங்குகிறது. 2022-23-ல் காப்புரிமை விண்ணப்பத்தில் தமிழ்நாடுதான் இந்தியாவில் முதலிடம். அந்தக் கணக்கில் ஷாப் ஃப்ளோரில் பிறந்த மனுக்கள் இன்னும் எத்தனையோ மடங்கு பெருக வேண்டும் என்பதே என் ஆதங்கம்.

ஒரகடத்தில் ஒரு சின்ன வெண்டர் யூனிட்டை நினைத்துக்கொள். பாகத்தைத் திருப்பி வைத்து டிரில் போட்டுவிடுவதால் தினமும் ரிஜெக்‌ஷன். ஆபரேட்டர் ஒருவர் ஃபிக்சரில் ஒரு பின்னை இடம் மாற்றிப் பொருத்துகிறார். இனி பாகம் தப்பாக உட்காரவே உட்காராது. ‘கைசன்’ எனும் மேம்பாட்டுத் தாளில் எழுதி, போட்டோ ஒட்டி, போர்டில் மாட்டுகிறார்கள். கைதட்டல், ஒரு பரிசு, அத்தோடு சரி.

எல்லா மாற்றத்துக்கும் காப்புரிமை கிடைக்காது. புதிதாக இருக்க வேண்டும். அந்தத் துறை தெரிந்தவருக்கே சட்டென்று தோன்றாததாக இருக்க வேண்டும். தொழிலில் பயன்பட வேண்டும். ஆனால் யோசனை சின்னது என்று நீயே கழித்துவிடாதே! ஒரு சிலிண்டரில் இரண்டு ஸ்பார்க் பிளக். இதற்காகத்தான் பஜாஜும் டிவிஎஸ்ஸும் 2007 முதல் உச்ச நீதிமன்றம் வரை மோதின, 2019-ல்தான் சமரசமாயின.

வேலைக்குச் சேர்ந்தபோது கையெழுத்திட்ட ஒப்பந்தத்தைப் படி. உரிமை கம்பெனிக்குப் போகலாம். அப்போதும் கண்டுபிடித்தவர் என்ற இடத்தில் உன் பெயர் வர வேண்டும் என்று கேள். கூச்சப்படாதே. சொந்த யூனிட் வைத்திருக்கிறாயா? தனிநபருக்கும் சிறு நிறுவனத்துக்கும் இணையவழி விண்ணப்பக் கட்டணம் 1,600 ரூபாய்தான். பரிசோதனைக் கட்டணமும் முகவர் கட்டணமும் தனி என்பதையும் கணக்கில் வை. முழு விவரமும் தயாராகவில்லையா? தற்காலிக விவரணையோடு போடு. முழுமையாக்க 12 மாதம் அவகாசம் உண்டு. அதே 12 மாதத்துக்குள் சர்வதேச விண்ணப்பமும் போட்டால், இங்கே பதிந்த தேதியே பல நாடுகளிலும் முன்னுரிமைத் தேதியாக நிற்கும்.

மனு போடும்வரை யோசனையைக் கண்காட்சியில் காட்டாதே, வாட்ஸ்அப்பில் அனுப்பாதே. வெளியே தெரிந்துவிட்டால் ‘புதிது’ என்ற தகுதியே போய்விடும். இன்றைய ஷிஃப்ட் முடிந்ததும் நோட்டை எடு. படம் வரை, தேதி போடு. முதலில் மனு எண்ணை வாங்கு. பிறகு ஊருக்கெல்லாம் சொல்!