அச்சமும் வழிபாடும்

1798ஆம் ஆண்டில் ஸ்பெயின் தேசத்து ஓஸுனா பிரபுவும் அவருடைய மனைவியும், மாட்ரிட் நகரத்துக்கு அருகே தங்களுக்கிருந்த உல்லாச மாளிகையை அலங்கரிப்பதற்காக, பிரான்ஸிஸ்கோ கோயாவிடமிருந்து ஆறு சிறு சித்திரங்களை வாங்கினார்கள். ஆறும் சூனியக்காரிகளையும் பேய்ச்செயல்களையும் பற்றியவை. குடியானவர்கள் நடுநடுங்கி நம்பியதைப் படித்த பிரபுக்கள் சுவரில் மாட்டி ரசித்தார்கள் என்று சொல்லி இதை ஒதுக்கிவிடலாம். ஆனால் அவற்றுள் ஒன்றையேனும் நிதானித்துப் பார்த்தவருக்கு அப்படி ஒதுக்க மனம் வராது.

அவற்றுள் ஒன்றில், பிறைநிலவின் கீழே, கொம்புகளில் இலைமாலை சூடிய பெரிய ஆட்டுக்கடாவின் உருவில் சாத்தான் நடுநாயகமாக வீற்றிருக்கிறான். சூழ்ந்திருக்கும் பெண்களில் ஒருத்தி கொழுகொழுவென்ற குழந்தையையும், இன்னொருத்தி எலும்பும் தோலுமான சிசுவையும் ஏந்தியிருக்க, தரையில் ஒரு சிசு உயிரற்றுக் கிடக்கிறது. என் நெஞ்சைத் தைப்பது சாத்தான் அல்லன், அந்தச் சிசுக்களே. தமக்குப் பிறந்த மக்களுள் ஒரே மகனை மட்டும் வளர்த்து ஆளாக்கக் கொடுத்துவைத்தவர் கோயா. நேற்றுவரை பால் குடித்த குழந்தை ஏன் இப்படி வாடி மடிந்தது என்பதற்கு வைத்தியரும் பாதிரியாரும் காரணம் சொல்ல இயலாது நின்ற காலத்தில், ஊர்க்கோடியில் வாழும் கிழவி இரவில் வந்து இரத்தத்தை உறிஞ்சிவிட்டாள் என்ற கதை, முழுப் பொய்யேயானாலும், பெற்றவளின் கேள்விக்கு ஒரு விடையாயிற்று. மூடநம்பிக்கை அறியாமையில் பிறந்தது என்பார்கள். விடை கிடையாத துக்கத்தில் பிறந்தது என்பதே என் துணிபு. அரண்மனையும் இதற்கு விலக்கன்று. 1659இல் வெலாஸ்கெஸ் தீட்டிய இளவரசன் பெலிப்பே புரோஸ்பெரோவின் உடையில் கண்ணேறு கழிக்கும் தாயத்துகள் தொங்குகின்றன. நான்கு வயது நிறையுமுன் அக்குழந்தை இறந்தது.

துக்கம் தாயத்தோடு நின்றிருந்தால் யாருக்கும் கேடில்லை. அதிகாரம் அதற்குச் சாட்சி சொல்லப் புகுந்தபோதுதான் விபரீதம் நேர்ந்தது. நவார்ரா மலைநாட்டுச் சுகார்ராமுர்தி முதலிய ஊர்களில் எழுந்த சூனியப் புகார்களை விசாரித்த சமய நீதிமன்றம், 1610இல் லோக்ரோஞோ நகரில் ஆறு பேரை உயிரோடு எரித்தது. சிறையிலேயே இறந்துபோன ஐவரின் உருவப்பொம்மைகளையும் எரித்தது. அத்தீர்ப்பளித்த மூன்று நீதிபதிகளுள் ஒருவரான அலோன்ஸோ தெ சலஸார், மறு ஆண்டே கிராமம் கிராமமாகச் சென்று, தாங்களும் சூனியக் கூட்டத்துக்குப் போனதாகக் கூறிய 1,800க்கும் மேற்பட்டோரின் வாக்குமூலங்களைக் கேட்டார். அவர்களிற் பெரும்பாலோர் சிறுபிள்ளைகள். ஒன்றுக்கும் ஆதாரமில்லை என்றும், அதைப் பற்றிய பேச்சும் எழுத்தும் கிளம்பிய பிறகே ஊரில் சூனியக்காரிகள் தோன்றினார்கள் என்றும் அவர் மேலிடத்துக்கு எழுதினார். 1614இல் வந்த புதிய விதிகள் பெரும்பாலும் அவர் சொல்லையே தழுவியவை. நம்பிக்கையுள்ள ஒரு குருவே இதைச் செய்தார் என்பதை நாம் மறக்கலாகாது.

முதுமையில் தம் வீட்டுச் சுவரிலேயே கோயா தீட்டிய கருஞ்சித்திரங்களுள் ஒன்று, உழவரான புனித இஸீதுரோவின் திருவிழா யாத்திரை. 1788இல் அதே விழாவை வெயிலும் குடைகளுமாக மகிழ்ச்சி பொங்க வரைந்தவர், இங்கே வாய் பிளந்த முகங்களை நெரிசலாக நிறுத்தியிருக்கிறார். புனிதரைக் காணோம், கோயிலைக் காணோம். இதைக் கண்டு கோயா சமயத்தையே துறந்துவிட்டார் என்று முடிவு கட்டுவோரோடு எனக்கு உடன்பாடில்லை. அச்சம் கலந்த வழிபாட்டிலே தெய்வம் மறைந்துபோவதைத்தான் அவர் கண்டார். 1819இல் அவரே, ஏழைச் சிறுவர்களுக்குப் பள்ளிகள் நிறுவிய புனித ஹோஸே கலஸான்ஸ் தம் அந்திம காலத்தில் நற்கருணை பெறுவதை மாட்ரிட் ஆலயமொன்றுக்காகத் தீட்டினார். மரணம் நெருங்கிய கிழவர் கண்மூடி முழந்தாளிட்டிருக்கிறார். பின்னே பள்ளிச் சிறுவர்கள் நிற்கிறார்கள். எவர் முகத்திலும் திகில் இல்லை. அதற்குத் தந்த கூலியில் பெரும்பகுதியைக் கோயா திருப்பிக் கொடுத்துவிட்டார்.