அபய தானம்

மகாபாரதத்தின் தொடக்கத்தில் ஒரு நாயின் முறையீடு ஒலிக்கிறது. அதன் முடிவை நெருங்கும்போது ஒரு நாய் துணையாக நடக்கிறது. ஆதி பர்வத்தில், ஜனமேஜயனின் வேள்விக்கு வந்த குட்டியை அவனுடைய தம்பியர் அடித்து விரட்டினர். குற்றம் செய்யாத தன் மகனை அடித்தது ஏன் என்று தாய் சரமை கேட்டாள். விடை கிடைக்கவில்லை. எதிர்பாராத அச்சம் வந்து சேரும் என்று அவள் சபித்தாள். மகாப்ரஸ்தானிக பர்வத்திலோ, தம்மைப் பின்தொடர்ந்த நாயைக் கைவிட்டால்தான் சுவர்க்கம் என்றபோது, யுதிஷ்டிரர் அந்தச் சுவர்க்கத்தையே மறுத்தார். அச்சத்தைத் தருவது அதர்மம். அச்சத்தை நீக்குவது தர்மம். இதுவே அபய தானம்.

சென்னையில் கேப்டன் சுந்தரமும் அவர் மனைவி உஷாவும் 1959-இல் தொடங்கிய புளூ கிராஸ் அமைப்பு, தெருநாய்களைக் கொல்வதற்கு மாற்றாகக் கருத்தடை செய்யும் முறையை 1964-இல் கையாளத் தொடங்கியது. இன்று பல ஊர்களில் அன்பர்கள் அடிபட்ட நாய்களை மீட்கின்றனர். ஆனால் மீட்பது முதற்படியே. காயம் ஆறுவதற்கும் வெறிநோய்த் தடுப்பூசிக்கும் கருத்தடைக்கும் மருத்துவர் உண்டு. உள்ளத்தில் படிந்த அச்சத்திற்கு மருந்து, பொறுமை ஒன்றே.

அடிபட்ட நாய்க்கு உயர்த்திய கை யாவும் தடியாகவே தோன்றும். அச்சம் மிகுந்தால் அது கடிக்கவும் கூடும். ஆகவே அனுபவம் உள்ளவர் அதற்கு அமைதியான ஒரு மூலையைத் தருகிறார். நாள்தோறும் ஒரே வேளையில் உணவளிக்கிறார். கண்ணோடு கண் நோக்காமல், பக்கவாட்டில் திரும்பி அமர்ந்து காத்திருக்கிறார். அது தானாக வந்து கையை முகர்ந்தால் ஒரு துண்டு உணவு, ஓர் இன்சொல். பிறகு கழுத்துவார், அழைப்புமணி, குழந்தைகளின் ஆரவாரம் என்று சிறிது சிறிதாகப் பழக்குகிறார். சிலவற்றுக்கு வாரங்கள் போதும். சிலவற்றுக்கு மாதங்கள் வேண்டும்.

கோலார் தங்கவயலின் கோரமண்டலில் வாழ்ந்த குடும்பங்களுக்கு இப்பொறுமை புதிதன்று. 2001 பிப்ரவரி 28-இல் மூடப்பட்ட அச்சுரங்கங்களில், ஒரு டன் பாறையைப் பொடியாக்கினால் கிடைத்தது சில கிராம் பொன்னே. அரைத்துக் கழித்த மண் இன்றும் சயனைடு மேடுகளாக நிற்கிறது. பாறையைக் கண்டு சலித்தவர்க்குப் பொன் கிட்டியதில்லை.

தத்துக் கொடுக்கும் நாளில் இரு சோதனைகள் வருகின்றன. முதலாவது சத்தியம். குழந்தைகளைக் கண்டு அது அஞ்சுமாயின், கேட்க வந்தவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். மறைத்துக் கொடுத்த நாய் திரும்பி வந்தால், அது இரண்டாம் முறை வீட்டை இழக்கிறது. இரண்டாவது பற்றின்மை. இரவெல்லாம் அருகிலிருந்து தேற்றியவரே அதன் கழுத்துவாரை வேறொருவர் கையில் தர வேண்டும். அப்போது, 'என் நாய்' என்னும் எண்ணம் நெஞ்சைப் பற்றும். அதன் நலமா, நம் மமகாரமா என்ற வினா எழும்.

புதிய வீட்டு வாசலில் அது திரும்பிப் பாராமல் வாலாட்டி உள்ளே செல்லுமானால், வருந்த வேண்டாம். அதன் அச்சம் நீங்கியது என்பதற்கு வேறென்ன சான்று வேண்டும்?