கம்பியைத் தேர்ந்த முயல்

வைக்கோல் தரையா, கம்பிவலைத் தரையா? இறைச்சிக்காக வளர்க்கும் முயல்களிடம் இப்படிக் கேட்டுப் பார்த்திருக்கிறார்கள். வைக்கோல்தான் ஜெயிக்கும்னு நாம் நினைப்போம். 1999இல் வெளியான ஒரு பிரெஞ்சு ஆய்வில் முயல்கள் அதிக நேரம் கம்பிவலையில்தான் இருந்தன. யோசித்தால் புரியும். வைக்கோல் சீக்கிரம் ஈரமாகும், சூடேறும். கம்பிவலையில் மூத்திரமும் புழுக்கையும் கீழே விழுந்துவிடும்.

அப்போ கூண்டு சரின்னு ஆகிடுமா?

மென்பொருள் வேலையில் நாங்கள் ஏ/பி டெஸ்ட் ஓட்டுவோம். நீலப் பொத்தானா, பச்சையா? ஜெயித்ததற்குப் ‘பயனர் விருப்பம்’ என்று பெயர். இந்தச் செயலியே வேண்டாம் என்பவருக்கு அதில் பொத்தான் கிடையாது. ஆனாலும் அவர் அதை அழித்துவிட்டுப் போகலாம். முயலால் முடியாது.

பின்னங்காலில் எழுந்து, காதை நிமிர்த்திச் சுற்றிப் பார்ப்பது முயலின் இயல்பு. வழக்கமான கூண்டின் உயரம் அதற்குப் போதாது. தரையைப் பற்றிய கேள்வி கூரையைப் பற்றியது அல்ல.

விலங்கிடம் கேட்பது நல்லதுதான். நாமே முடிவு செய்வதைவிட நேர்மையானது. காய்ந்த வைக்கோல் போட்டு மறுபடி கேட்டால் பதில் மாறலாம், மாறாமலும் போகலாம். ஆனால் கம்பிவலையில் படுத்ததை, கூண்டுக்கே தந்த சம்மதம் என்று எழுதிக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை.