அச்சுப்பிழையும் பாராயண பலனும்

தோத்திர நூல்கள் அச்சேறி வீட்டுப் பூஜையறைதோறும் வந்து சேர்ந்துவிட்ட இக்காலத்தில், ஆசிரியரிடம் வாய்ப்பாடமாகக் கேட்டுத் தெளிந்த நம் முன்னோர் அதிகம் எண்ணிப் பார்க்க நேராத கேள்வி ஒன்று நம் முன் நிற்கிறது. மெய்ப்புத் திருத்துவோரின் அசிரத்தையால் எழுத்து மாறியும் சொல் விழுந்தும் அடிகள் இடம் பெயர்ந்தும் வெளிவந்த ஒரு பதிப்பை, அது பிழையென்றே அறியாமல், நாள்தோறும் நீராடி விளக்கேற்றி உருக்கத்தோடு ஓதுகிறவருக்குப் பாராயண பலன் உண்டா, இல்லையா? உண்டு என்றால், நூலைச் செம்மையாகப் பதிப்பிக்கப் படும் பாடெல்லாம் வீண் என்றாகிறது. இல்லை என்றால், அச்சகத்தில் யாரோ ஒருவர் கண்ணயர்ந்ததற்குப் பக்தர் தண்டனை அனுபவிக்கிறார் என்றாகிறது.

இதற்கு ஒன்றுக்கொன்று முரணான இரண்டு விடைகளை நம் மரபே வைத்திருப்பதாக முதற்பார்வையில் தோன்றும். இந்திரனைக் கொல்லவல்ல புதல்வனை வேண்டி வேள்வி செய்த த்வஷ்டாவின் கதை தைத்திரீய ஸம்ஹிதையில் வருகிறது. அவன் மந்திரத்தில் அட்சரம் ஒன்றும் கெடவில்லை. ஸ்வரம் மட்டுமே இடம் மாறிற்று என்பது உரைமரபு. அந்த ஒன்றினால், இந்திரனைக் கொல்பவன் என்ற பொருள் இந்திரனால் கொல்லப்படுபவன் என்று புரண்டு, பிறந்த விருத்திரன் இந்திரன் கையாலேயே மடிந்தான். பதம், கிரமம், ஜடை, கனம் என்று சொற்களை முன்னும் பின்னுமாக மாற்றி மாற்றி ஓதிய வைதிகர், அச்சுக்கூடங்கள் தோன்றுவதற்கு வெகு காலம் முன்பே, மெய்ப்புப் பார்க்கும் முறை ஒன்றைத் தம் நாவிலேயே அமைத்துக்கொண்டவர்கள்.

மற்றொரு விடை ஸ்ரீரங்கத்தில் கிடைக்கிறது. 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தென்னாட்டு யாத்திரை வந்த சைதன்யர், அத்தலத்துக் கோயிலில் அமர்ந்து கீதை வாசித்துக்கொண்டிருந்த அந்தணர் ஒருவரைக் கண்டதாகச் சைதன்ய சரிதாமிருதம் சொல்கிறது. அவர் வாசிப்பெல்லாம் பிழை, சுற்றியிருந்தோர் நகைத்தனர், அவரோ கண்ணீர் பெருக, மெய் சிலிர்க்க, வாசித்துக்கொண்டே இருந்தார். காரணம் கேட்டபோது, தமக்குச் சொற்பொருள் தெரியாது என்றும், குருவின் ஆணைப்படி ஏட்டைத் திறக்கும்போதெல்லாம் தேர்த்தட்டில் கடிவாளம் பற்றிய கண்ணன் உருவம் கண்முன் நிற்கிறது என்றும் கூறினார். கீதையை வாசிக்கும் அதிகாரம் உமக்கே உண்டு என்று சைதன்யர் அவரைத் தழுவிக்கொண்டார்.

இவ்விரு கதைகளும் முரணுகின்றன என்பது மேலோட்டமான பார்வை. உண்மையில் இவை வேறு வேறு மனிதர்களைப் பற்றியவை. த்வஷ்டா ஒரு காரியத்தைச் சாதிக்கவென்று, விதி அறிந்தவனாக, வேள்வியை ஏற்று நடத்தியவன். ஸ்ரீரங்கத்து அந்தணரோ எதையும் சாதிக்க முனையாதவர், தமக்கு எதுவும் தெரியாதென்று ஒப்புக்கொண்டவர். அதிகாரி பேதம் என்று வேதாந்திகள் சொல்வது இவ்விடத்தில் நன்றாகப் பொருந்தும். பதிப்பாசிரியரும் பிரசுரகர்த்தரும், அட்டையில் தம் பெயரைப் பொறித்து, இது சுத்தப் பதிப்பு என்று விளம்பரமும் செய்துகொள்ளும் கணத்திலேயே த்வஷ்டாவின் வரிசையில் சேர்ந்துவிடுகின்றனர். பக்தருக்குரிய மன்னிப்பை அவர்கள் கேட்பது, அதிலும் பக்தி இருந்தால் போதும் பிழையொன்றும் பெரிதன்று என்ற சாக்கில் கேட்பது, என் அபிப்பிராயத்தில் சிறிது வெட்கங்கெட்ட செயல்.

பிழைகளிலும் தாரதம்மியம் உண்டு. 1631இல் லண்டனில் ராபர்ட் பார்க்கர், மார்ட்டின் லூகாஸ் என்னும் அரசாங்க அச்சகத்தார் வெளியிட்ட விவிலியத்தில், விபசாரத்தை விலக்கும் கட்டளையில் எதிர்மறைச் சொல் விடுபட்டுப் போய், விலக்கே விதியாக நின்றது. அவர்களுக்கு 300 பவுன் அபராதம் விதிக்கப்பட்டது. ஆயினும், அந்தப் பிரதியைப் படித்து எவரும் ஒழுக்கம் கெட்டிருப்பார் என்று நான் நம்பவில்லை; அத்தனை அப்பட்டமான பிழையை வாசகரின் மனச்சாட்சியே திருத்திவிடும். அஞ்ச வேண்டியது, பொருள் தருவதுபோல் பாவனை செய்யும் பிழையை. றகரம் நிற்க வேண்டிய இடத்தில் ரகரம் நின்று, அதுவும் ஒரு சொல்லாகவே அமைந்து, வாக்கியமும் ஓரளவு பொருந்திவிட்டால், அதை ஐயுறுவார் யார்? அதன்மேல் வியாக்கியானம் எழும்; உபந்நியாசகர் அதற்கு நயம் கூறுவார்; அருளாளர் எண்ணியேயிராத கருத்தொன்று அவர் தலையில் சித்தாந்தமாக ஏறிவிடும்.

ஏட்டுச்சுவடிகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளியில்லை. எகர ஏகார வேற்றுமையில்லை. ரகரமும் காலும் ஒரே வடிவின. எனவே பதிப்பித்தவர்கள் ஒவ்வொரு சொல்லிலும் தீர்ப்பு வழங்க வேண்டியிருந்தது. 1894இல் புறநானூற்றைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர், சுவடிகள் வேறுபட்ட இடத்தில் பாடபேதத்தைக் குறித்தார். சிதைந்த இடத்தைத் தம் கற்பனையால் நிரப்பாமல் புள்ளியிட்டு விட்டார். அப்புலமையுடையவருக்குச் சில சொற்களை இயற்றிச் சேர்ப்பது அரிதன்று. சேர்க்காமல் அடங்கியதையே ஒரு நோன்பாக நான் கருதுகிறேன். ஆறுமுக நாவலர் பதிப்பு என்றால் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம் என்று புலவர் கூறிவந்ததும் இவ்வகைச் சிரத்தைக்குக் கிடைத்த பெயரே.

இளமைமுதல் பிழைப்பாடத்தையே ஓதிப் பழகிய முதியவர் ஒருவரிடம் சென்று, அது தவறென்று இப்போது நிறுவ வேண்டுமா என்றால், வேண்டாம் என்பேன். அவர் ஸ்ரீரங்கத்து அந்தணரின் இனத்தவர். ஆனால் அவர் பேரப்பிள்ளைகளுக்காக அச்சாகும் அடுத்த பதிப்பில் அதே பிழை நிற்பதற்கு அவர் பக்தியைச் சான்றாகக் காட்டக் கூடாது. பிழைதிருத்தப் பட்டியலையும், கடைசித் தாளுக்குப் பின்னால் யார் கண்ணுக்கும் படாமல் ஒட்டிவைக்காமல், விநாயகர் துதிக்கு முந்திய பக்கத்தில் அச்சிடுவது நலம். பாராயணம் செய்கிறவர்கள் நூலைத் திறப்பது அங்கேதான்.