நாலு துடுப்புத் தூரம்

மண்டபத்துக்குத் தெற்கே, முயல் தீவை நெருங்கியதும் வத்தைக்கார அண்ணன் துடுப்பை நிறுத்தினார். வாடை ஓய்ந்து கடல் தணிந்திருந்த விடியற்காலை. அடியில் கடற்புல் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. அதைத் தாண்டி, மான்கொம்பாகக் கிளைத்த பவளப் பார். எதிரே வெண்மணலும் உடைமரங்களும். இன்னும் நாலு துடுப்பு போட்டால் கால் வைத்துவிடலாம்.

"இறங்கிப் பாத்துட்டு வந்துருவோமே, அண்ணே."

"வேணாம் தம்பி. எறங்க அனுமதி இல்ல. கீழ பார் கெடக்கு, தட்டுனா ஒடஞ்சிரும்."

"வத்தையா?"

"வத்தைய சரி பண்ணிக்கலாம். பார யாரு சரி பண்றது?"

பாம்பன் முதல் தூத்துக்குடி வரை இப்படி 21 தீவுகள். 1986இல் இவற்றைக் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். அவற்றில் பூவரசன்பட்டியும் விலங்குசல்லியும் இன்று தண்ணீருக்கு அடியில். ஒன்றின் பெயரில் பூவரசு இருக்கிறது. மரம் நிற்க மண் இல்லை. சுண்ணாம்புக்கும் சுவருக்கும் பல்லாண்டுகள் பவளக்கல்லை வெட்டி எடுத்தோம். அலையின் வேகத்தை முதலில் வாங்கிக்கொள்வது பார்தான். பார் போனால் அலை தீவின் மணலை அரிக்கும். தீவு போனால் அடுத்தது நம் கரை.

தனுஷ்கோடியில், 1964 புயலுக்குப் பின் கூரையின்றி நிற்கும் தேவாலயத்தின் சுவரை அருகில் போய்ப் பாருங்கள். கல்லெல்லாம் தேன்கூடு போலக் கண் கண்ணாக இருக்கும். ஒவ்வொரு கண்ணிலும் ஒரு காலத்தில் ஓர் உயிர் இருந்தது. கட்டியவர்கள் கொடியவர்கள் அல்லர், கைக்கெட்டியதை எடுத்தார்கள். கைக்கெட்டுவதெல்லாம் எடுக்கத்தக்கதா என்று கேட்க அன்று யாரும் இல்லை.

ஆனால் கேட்பதோடு கடமை தீராது. எனக்கு அந்தத் தீவு ஒரு நாள் ஆசை. விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, மூச்சடக்கி முங்கிப் பாசி எடுக்கும் பாம்பன் பக்கத்துப் பெண்களுக்கு அது அன்றாட அடுப்பு. அம்மா காலத்தில் இறங்கி இளைப்பாறிய மணலில் மகள் இன்று பயந்து பயந்துதான் கால் வைக்கிறாள். சுண்ணாம்பு பூசிய வீடுகளில் வாழ்ந்தவர்கள் வேறு, விலக்கப்பட்டவர்கள் வேறு. விலகி நிற்பது அறம் என்றால் அதன் பாரம் எளியவர் தோளில் மட்டும் இறங்கக் கூடாது. அவர்களுக்கு மாற்று வழி செய்து கொடுப்பதும் தீவைக் காப்பதில் சேர்ந்ததுதான்.

அண்ணன் கேட்ட கேள்வி கரைக்கு வந்த பிறகும் என்னோடு இருக்கிறது. கோபத்தில் வீட்டாரிடம் ஒரு சொல் நாக்கு நுனிக்கு வரும்போது, வேண்டியவர் ஒருவர் மூடி வைத்திருக்கும் துயரத்தைக் கிளறத் தோன்றும்போது, அது முன்னால் வந்து நிற்கிறது: உடைந்தால் யார் சரி பண்ணுவது? பதில் தெரியாத இடத்தில் துடுப்பை நிறுத்தக் கற்றுக்கொண்டிருக்கிறேன். அன்பின் குறைவால் அல்ல, அன்பினால்தான்.